ஆய்வாளர் தந்த ஆப்பிள்

2020-ஆம் ஆண்டு. கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. மத்தியப் பாடத்திட்டத்தில் பயின்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலப் பாடநூலைத் திறந்தபோது முதற்பாடமாக அவர்களை எதிர்கொண்டது ஒரு சிறுகதை. பள்ளிக்கூடம் என்பதே மறைந்துபோன ஓர் எதிர்காலத்தில், வீட்டு அறையில் தனியே அமர்ந்து, திரை பொருத்திய எந்திரம் ஒன்றிடம் பாடம் கேட்கும் சிறுமியின் கதை அது. அதைக் கற்ற பிள்ளைகளும் அப்போது வீட்டின் ஒரு மூலையில் தனியே அமர்ந்து, கைபேசித் திரையின் வழியாகவே கற்றனர். 2006-இல் அக்கதையைப் பாடநூலில் சேர்த்தவர்கள் இப்படியொரு பொருத்தம் நேருமென்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

கதையின் பெயர் 'த ஃபன் தே ஹேட்'. 'அவர்கள் துய்த்த மகிழ்ச்சி' என்று நம் மொழியில் சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் ஐசக் அசிமோவ். 1951-இல் செய்தித்தாள்களின் சிறுவர் பக்கத்திற்காக எழுதப்பட்டது. சில பக்கங்களில் அடங்கிவிடும் இச்சிறு கதை, அவர் எழுதிக் குவித்த நூற்றுக்கணக்கான நூல்களுக்கிடையே, பாடநூல்களிலும் தொகுப்புகளிலும் மீண்டும் மீண்டும் இடம்பெற்று வந்திருக்கிறது.

கல்வியிலும் பணிப்பயிற்சியிலும் கணிப்பொறி புகுந்து செய்துவரும் மாற்றங்களைப் பற்றி இன்று எங்கும் பேச்சாயிருக்கிறது. ஒரு சாரார் எந்திரத்தை வாழ்த்துகின்றனர், மறுசாரார் சபிக்கின்றனர். அசிமோவின் கதை வழக்கமாகச் சபிப்பவர் கையில் எறியப்படும் கல்லாகவே பயன்பட்டு வருகிறது. மீண்டும் ஒருமுறை ஊன்றிப் படித்தபோது நமக்கு வேறொன்று தோன்றியது. கதையின் நடுவே, பலரும் கவனியாமல் கடந்து போகும் ஒரு மனிதர் வருகிறார். அவர் கையில் ஓர் ஆப்பிள் இருக்கிறது. கதையின் உயிர்நிலை அந்த மனிதரிடமே இருக்கிறது என்பது நம் கருத்து.

கதையும் அதன் வழக்கமான வாசிப்பும்

2157-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள். பதினொரு வயதுச் சிறுமி மார்கி தன் நாட்குறிப்பில் ஒரு வியப்பைப் பதிவு செய்கிறாள். அவளுடைய தோழன் டாமி, பதின்மூன்று வயதுச் சிறுவன், தன் வீட்டுப் பரணில் ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்திருக்கிறான். காகிதத்தில் அச்சிட்ட புத்தகம்! தாள்கள் மஞ்சள் பூத்துச் சுருங்கியிருக்கின்றன. திரையில் ஓடும் எழுத்துகளையே கண்டு பழகிய அவ்விருவருக்கும், அச்சடித்த எழுத்துகள் அசையாமல் நிற்பதே வேடிக்கையாயிருக்கிறது. அப்புத்தகமோ பள்ளிக்கூடங்களைப் பற்றியது. பிள்ளைகள் எல்லாரும் ஓரிடத்திற்குப் போனார்கள், அங்கே ஒரு மனிதர் பாடம் சொல்லிக் கொடுத்தார், ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே பாடத்தைப் படித்தார்கள் என்ற செய்திகள் மார்கிக்கு நம்ப முடியாதவையாக இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளையின் அறிவுக்கும் ஏற்றபடி ஆசிரியரைச் சரிசெய்து வைக்க வேண்டும் என்றல்லவா அவளுடைய தாய் சொல்லியிருக்கிறாள்?

மார்கிக்குத் தன் எந்திர ஆசிரியரைப் பிடிக்காது. கரிய, பெரிய, அழகற்ற எந்திரம் அது. வீட்டுப்பாடத்தையும் தேர்வுத்தாளையும் அதன் வாய் போன்ற துளையில் செருக வேண்டும் என்பதே அவள் மிகவும் வெறுத்த பகுதி. கதையின் முடிவில் அவள் மீண்டும் அதன் முன் போய் அமர்கிறாள். எந்திரம் பின்னக் கூட்டலைத் தொடங்குகிறது. அவள் மனமோ பழைய பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் சிரித்துக் கூச்சலிட்டு ஒன்றாக வந்திருப்பார்கள், ஒன்றாக வீடு திரும்பியிருப்பார்கள், ஒரே பாடத்தைப் படித்ததால் ஒருவருக்கொருவர் உதவியிருப்பார்கள் என்று எண்ணி ஏங்குகிறாள்.

எந்திரம் வந்தால் கூடிக் கற்கும் இன்பம் போய்விடும் என்ற எச்சரிக்கையாகவே வகுப்பறைகளில் இக்கதைக்கு விளக்கம் சொல்லப்படுகிறது. அவ்விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் அதனோடு நின்றுவிட்டால் இரண்டு இடர்ப்பாடுகள் எழுகின்றன.

இரண்டு அசிமோவ்கள்

முதல் இடர்ப்பாடு, ஆசிரியரே பிற்காலத்தில் தம் கதைக்கு எதிராகப் பேசியிருக்கிறார் என்பது. 1988-இல் பில் மாயர்ஸ் என்னும் இதழாளருக்கு அளித்த தொலைக்காட்சி நேர்காணலில், கணிப்பொறி வழிக் கல்வியை அசிமோவ் மனமார வரவேற்றார். முற்காலத்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே தனி ஆசிரியர் வாய்த்தார். பின்னர் எல்லாருக்கும் கல்வி என்று வந்தபோது, ஓர் ஆசிரியர் பலருக்கு ஒரே வேகத்தில் கற்பிக்க நேர்ந்தது. இனிக் கணிப்பொறியின் துணையால் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைத் தமக்கு இயன்ற வேகத்தில் கற்கலாம் என்பது அங்கே அவர் வாதம். 1951-இல் மார்கியின் தாய் சொன்னதை 1988-இல் அசிமோவே சொல்கிறார்!

இவ்விருவரில் எவரை நாம் நம்புவது? ஒரே வேகத்தின் கொடுமையை வகுப்பறையில் இருந்தோர் அறிவர். அமெரிக்க உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர் 1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்வையிடச் சென்றார். விரைந்து முடித்த பிள்ளைகள் சும்மா இருக்க, முடிக்க இயலாதவர்கள் தவித்துக்கொண்டிருக்க, எழுதியது சரியா தவறா என்று உடனே அறிய எவருக்கும் வழியில்லை என்பதைக் கண்டார். மறு ஆண்டே தாம் செய்த கற்பிக்கும் எந்திரத்தை அறிஞர் அவையில் இயக்கிக் காட்டினார். அவரவர் வேகம், சிறு சிறு படி, உடனுக்குடன் விடை என்பவையே அதன் கோட்பாடு. இன்று கைபேசியில் விற்கப்படும் கற்றல் செயலிகள் பலவற்றின் அடித்தளமும் அதுவே. அக்கோட்பாட்டை அறிவற்றது என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது இடர்ப்பாடு, மார்கி ஏங்கும் பள்ளிக்கூடம் எல்லாருக்கும் கிடைத்ததில்லை என்பது. நம் திண்ணைப் பள்ளிகளை நினைத்துப் பார்ப்போம். மணலில் விரலால் எழுதி, மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்க்குச் சொல்லிக் கொடுத்த முறை அங்கே இருந்தது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இத்தகைய நாட்டுப்பள்ளி ஒன்றைக் கண்டு, மணல் எழுத்தையும் மாணவரே மாணவருக்குக் கற்பிப்பதையும் தம் பள்ளியில் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவிற்று. கூடிக் கற்றலுக்கு நம் மண் உலகிற்கு வழங்கிய கொடை இது என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தத் திண்ணையில் ஏற முடியாத பிள்ளைகள் எத்தனை பேர்? சாதியின் பெயரால் தெருவிலேயே நின்றவர்கள் எத்தனை பேர்? பெண் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்? மார்கியின் கனவில் இவர்கள் வருவதில்லை. அந்தச் சிரிப்பொலியில் பிரம்பின் ஓசையும் கலந்திருந்ததை அவள் அறியமாட்டாள். கதையின் தலைப்பில் உள்ள 'அவர்கள்' என்னும் சொல் எவரைக் குறிக்கிறது என்ற கேள்வியை நாம் கேட்காமல் விட முடியாது.

ஆகவே, பழைய பள்ளி நல்லது, புதிய எந்திரம் தீயது என்ற அளவில் இக்கதையைப் படிப்பது போதாது. அப்படியானால் இதில் நிலைத்து நிற்கும் உண்மை எது?

எந்திரத்தைத் திறந்து பார்த்தவர்

மார்கி புவியியலில் தேர்வு மேல் தேர்வாகத் தோற்றுக்கொண்டே வருகிறாள். எந்திரம் சலிப்பின்றி மீண்டும் மீண்டும் தேர்வு வைக்கிறது. மதிப்பெண் மீண்டும் மீண்டும் இறங்குகிறது. தாய் வருத்தத்தோடு தலையசைத்து, வட்டார ஆய்வாளருக்கு ஆளனுப்புகிறாள். பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்றாலே நடுங்கிய தலைமுறையைச் சேர்ந்தோர் நம்மில் பலர். இந்த ஆய்வாளரோ உருண்டை உடலும் சிவந்த முகமுமாக, கருவிப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார். மார்கியைப் பார்த்துச் சிரிக்கிறார். கையில் ஓர் ஆப்பிளைக் கொடுக்கிறார். பிறகு எந்திர ஆசிரியரைப் பிரித்துப் போட்டு ஆராய்கிறார். ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, சிறுமியின் தலையைத் தட்டிக் கொடுத்து, தாயிடம் ஒரு தீர்ப்பைச் சொல்கிறார்: பிழை பிள்ளையுடையது அன்று, புவியியல் பகுதியின் வேகம் சற்று மிகுதியாக வைக்கப்பட்டிருந்தது, அதைக் குறைத்துவிட்டேன்.

கதையின் மையம் இதுவே என்று நாம் கருதுகிறோம். எந்திரம் நூறு தேர்வுகள் வைத்தும் கண்டறியாத ஒன்றை ஒரு மனிதர் ஒரு மணி நேரத்தில் கண்டறிகிறார். பிள்ளையை அளக்கத் தெரிந்த எந்திரத்திற்குத் தன்னை அளந்து பார்க்கத் தெரியவில்லை. அளவுகோலே கோணலாயிருந்தால், அது எத்தனை முறை அளந்தாலும் கோணல் பிள்ளையின் கணக்கில்தான் எழுதப்படும். தாயும் அதை நம்பிவிடுகிறாள். அந்தத் தலையசைப்பைக் கண்ட பிள்ளையும், காலப்போக்கில், தான் மக்கு என்று நம்பிவிடும். அப்பிள்ளைக்கு அந்நேரத்தில் மிகவும் தேவைப்பட்டது, 'உன் மேல் தவறில்லை' என்று சொல்லும் அதிகாரமும் அறிவும் அன்பும் உள்ள ஒருவர்.

மனித ஆசிரியரே இல்லாத உலகைப் படைக்க விரும்பிய அசிமோவ், தம்மையறியாமல் ஓர் ஆசிரியரைக் கதைக்குள் விட்டுவிட்டார் என்றே சொல்லத் தோன்றுகிறது. கதையில் பாடம் சொல்வது எந்திரம். ஆசிரியராய் இருப்பது ஆய்வாளர். 1951-இன் அசிமோவையும் 1988-இன் அசிமோவையும் இணைக்கும் பாலம் இவரே. வேகத்தை மாற்றியமைக்கக்கூடிய எந்திரம் பயன் தரும் என்று பின்னவர் சொல்வது மெய். அந்த வேகத்தை யார், யாரைப் பார்த்து மாற்றுகிறார் என்பதை முன்னவர் காட்டிவிட்டார்.

நடந்தவை சொல்லும் சான்று

இது கதையைக் கொண்டு கட்டிய கற்பனை மட்டும்தானா என்று வாசகர்கள் வினவலாம். அண்மைக் காலத்தில் நடந்தவற்றை எடுத்துப் பார்ப்போம்.

பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தைத் தென் அமெரிக்காவின் பெரு நாடு மிகப் பெரிய அளவில் நிறைவேற்றியது. எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. அமெரிக்கக் கண்டங்களின் வளர்ச்சி வங்கி 319 கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஆய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவு யாது? கணக்கிலும் மொழியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. பெட்டி வந்து சேர்ந்தது. அதைப் பிள்ளையின் நிலைக்கு ஏற்பத் திருப்பி வைக்கும் கை உடன் வரவில்லை.

இதற்கு மாறான ஒரு சான்று தில்லியிலிருந்து கிடைக்கிறது. நடுநிலைப்பள்ளி மாணவர் 619 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2019-இல் வெளிவந்தது. பள்ளி நேரத்திற்குப் பின், ஒவ்வொரு பிள்ளையும் உண்மையில் எந்நிலையில் இருக்கிறதோ அங்கிருந்தே தொடங்கும் 'மைண்ட்ஸ்பார்க்' என்னும் கணினிப் பாடம் 45 நிமிடம்; பிறகு பன்னிரண்டு பதினைந்து பேர் கொண்ட சிறு குழுவில் ஒரு பயிற்றுநரின் துணையோடு 45 நிமிடம். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது. பின்தங்கிய பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே பயனடைந்தனர். எந்திரத்தைச் சபிப்பவர்கள் இச்சான்றை மறைக்கக் கூடாது. எந்திரத்தை வாழ்த்துபவர்களும் அதன் பிற்பாதியை, அந்தப் பயிற்றுநரோடு கழிந்த 45 நிமிடத்தை, மறைக்கக் கூடாது.

இனி நம் மாநிலத்திற்கு வருவோம். பெருந்தொற்றுக் காலத்தில் அசிமோவின் கற்பனை தலைகீழாக நிறைவேறிற்று. அவருடைய உலகில் ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைக்கென ஓர் அறையும் ஓர் எந்திரமும் உண்டு. வறுமை என்ற சொல்லே அங்கில்லை. நம் வீடுகளிலோ, இருந்த ஒரே கைபேசி விடியற்காலையில் தந்தையோடு வேலைக்குப் போயிற்று. நாட்டின் கிராமப்புறங்களில் 2021-இல் நடந்த 'அசர்' ஆய்வின்படி, திறன்பேசி உள்ள வீட்டைச் சேர்ந்த பிள்ளைகள் 67.6 விழுக்காடு. 2018-இல் அது 36.5 விழுக்காடே. ஆனால் அத்தகைய வீடுகளிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அக்கருவி கையில் கிடைக்கவே இல்லை. மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தோர் 2018-இல் நூற்றுக்கு 27 பேராய் இருந்தது, 2022-இல் 20 பேராய்க் குறைந்தது.

அந்தச் சரிவிலிருந்து தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எப்படி மீண்டனர்? ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த பொருளியலறிஞர்கள் கண்டது, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது என்பது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தால் விளைந்தது என்றும் அவர்கள் கணித்தனர். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் இருந்த கருவி எது? அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்றுக்கொண்டு, மாலையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டி அமர்த்திப் பாடம் சொன்னார்கள். தெருத்திண்ணையும் சமுதாயக் கூடமும் ஆலமரத்தடியும் வகுப்பறைகளாயின. இம்முறை அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் ஏறினார்கள். மார்கி ஏங்கிய சிரிப்பொலி முழு நியாயத்தோடு கேட்டது அங்கேதான்.

பணியிடத்தில்

பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர்களின் பயிற்சியிலும் இதே கேள்வி தொடர்கிறது. 2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்த இருவர் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது 1,60,000 பேர் பதிவு செய்தனர். பல்கலைக்கழகங்களின் காலம் முடிந்தது என்று பலர் அன்று ஆரவாரித்தனர். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய இத்தகைய பாடங்களை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த கணக்கின்படி, 2017-18-இல் பதிவு செய்தோரில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூவர். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தின் உள்ளேயே நுழையவில்லை. அந்த ஸ்டான்ஃபோர்டு முயற்சியிலிருந்து பிறந்த நிறுவனம் 2013-இல் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கல்லூரிப் பாடங்களை நடத்திப் பார்த்தது; தேர்ச்சி குறைந்ததால் அந்த ஆண்டிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் அந்நிறுவனம் பணிப்பயிற்சியின் பக்கம் திரும்பிற்று.

நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் 'என்.பி.டெல்' பாடங்கள் இலட்சக்கணக்கானோருக்குப் பயன்படுகின்றன என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். பேராசிரியரின் முகத்தையே கண்டிராத சிற்றூர்க் கல்லூரி மாணவரும் இன்று அவருடைய விரிவுரையைக் கேட்க முடிகிறது. அங்கும் கல்லூரிதோறும் உள்ளூர்ப் பிரிவு அமைத்து, அங்குள்ள ஆசிரியரைப் பொறுப்பாளராக்கி, தேர்வை நேரில் நடத்துகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் உறவினர் ஒருவர் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். ஆண்டுதோறும் கணினியில் பயிற்சிப் பாடங்களை முடித்தாக வேண்டும். படம் ஒருபக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அவர் மறுபக்கம் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருப்பார். கடைசியில் பத்துக் கேள்விகள். தவறினால் மீண்டும் அழுத்தலாம். முடிவில் சான்றிதழ் வந்துவிடும். "மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் புதுக் கருவியை இயக்க எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டோம். "இரவுப் பணியில் மூத்த சிஸ்டர் ஒருவர் என் கையைப் பிடித்துக் காட்டினார்" என்றார். சான்றிதழில் அந்த மூத்தவரின் பெயர் இல்லை. அந்த இரவு அவர் செலவிட்ட நேரமும் எந்தக் கணக்கிலும் இல்லை. கணினிப் பயிற்சி வந்துவிட்டது என்பதைக் காரணம் காட்டி அத்தகைய மூத்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. நோயாளியின் உயிர் அதில் இருக்கிறது.

எந்திரத்தால் தொழிற்பயிற்சி தர இயலாது என்பதன்று நம் வாதம். 1929-இல் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர், தந்தையின் இசைக்கருவித் தொழிற்சாலையில் இருந்த காற்றுத்துருத்திகளைக் கொண்டு, விமானம் ஓட்டப் பழகும் பெட்டி ஒன்றைச் செய்தார். முதலில் அதைப் பலர் பொழுதுபோக்குப் பொம்மையாகவே எண்ணினர். 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பணியில் அமர்த்தப்பட்டு, மேகத்திலும் பனியிலும் வழி தெரியாமல் ஒருவர்பின் ஒருவராய் மாண்டபோது, இராணுவம் அப்பெட்டிகளை வாங்கிற்று. பின்னர் இரண்டாம் உலகப் போரில் பல இலட்சம் விமானிகள் அதில் பயின்றனர். எந்திரம் உயிர் காத்ததற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? ஆனால் அப்பெட்டியின் அருகே ஒரு மேசை இருந்தது. பயிற்சியாளர் அங்கே அமர்ந்திருப்பார். மூடிய பெட்டிக்குள் இருக்கும் மாணவர் எந்தத் திசையில் போகிறார் என்பதை வரைபடத்தில் ஒரு மைச்சக்கரம் வரைந்துகொண்டே போகும். அதைப் பார்த்து, காதொலிக் கருவி வழியே அவரோடு பேசுவார். இன்றைய கணினிவழிப் பாவனை விமானங்களிலும் விமானியின் பின்னே பயிற்சியாளரின் இருக்கை இருக்கிறது. உயிரோடு விளையாடும் தொழில் என்பதால் அந்த இருக்கையை எடுத்துவிட எவருக்கும் துணிவு வரவில்லை. பிள்ளைகளின் கல்வியில் மட்டும் நமக்கு அத்துணிவு எங்கிருந்து வந்தது?

துளை திசைமாறிய காலம்

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தபின் கதையின் இன்னொரு பகுதியும் தலைகீழாயிற்று. மார்கி வெறுத்த அந்தத் துளையில் அவள் வீட்டுப்பாடத்தைச் செருக வேண்டியிருந்தது. இன்றோ துளையிலிருந்தே வீட்டுப்பாடம் வெளிவருகிறது! கணக்கோ கட்டுரையோ, கேட்டவுடன் கிடைக்கிறது.

இதன் விளைவைத் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவரிடம் ஆராய்ந்தனர். முடிவு 2025-இல் அச்சேறிற்று. கேட்டதற்கு விடை சொல்லும் எந்திரத்தைத் துணைகொண்ட மாணவர்கள், பயிற்சிக் கணக்குகளில் மற்றவரைவிட 48 விழுக்காடு சிறந்து விளங்கினர். பின்னர் எந்திரமின்றித் தேர்வெழுதியபோது, எந்திரத்தையே தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினர். மூன்றாவது குழுவினருக்கும் அதே எந்திரமே கொடுக்கப்பட்டது; ஆனால் விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் எழுதித் தந்த குறிப்புகளின்படி வழி மட்டும் காட்டுமாறு அது திருத்தி அமைக்கப்பட்டிருந்தது. அவர்களிடம் அந்த வீழ்ச்சி பெரிதும் காணப்படவில்லை. திருகாணியைத் திருப்பியது ஆசிரியர் கை. சிவந்த முகத்து ஆய்வாளர் இங்கும் வந்து போயிருக்கிறார்.

நம்மிடம் உள்ள கேள்வி

அசிமோவின் கதையில் ஒரு குறை உண்டு. ஆப்பிளைக் கொடுத்த மனிதரை அவர் திரும்ப அழைக்கவில்லை. மார்கியும் அவரை மறந்துவிடுகிறாள். எந்திரத்தை எடுத்துக்கொண்டு போகாமல் சரிசெய்துவிட்டாரே என்று அவர்மேல் அவளுக்கு ஏமாற்றமும் உண்டு. அது சிறுமியின் மனம். பெரியவர்களாகிய நாம் அப்படி மறந்துவிடலாகாது.

பள்ளியிலோ பணியிடத்திலோ புதிதாக ஒரு கணினித் திட்டம் வரும்போது, இது எவ்வளவு புதியது, எத்தனை பாடங்கள் அடங்கியது என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். பெற்றோர் கூட்டங்களிலும், பள்ளி நிர்வாகக் குழுக்களிலும், மாலை வகுப்பு நடத்தும் இளையோர் மன்றங்களிலும் இருப்போர் வேறு மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பிள்ளை தொடர்ந்து தோற்றால் அதை முதலில் அறிந்துகொள்பவர் யார்? அவருக்குப் பிள்ளையோடு ஒரு மணி நேரம் உட்கார நேரமும் ஊதியமும் கொடுக்கப்படுகிறதா? தவறு எந்திரத்தினுடையது என்று கண்டால் அதைத் திறந்து மாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் திட்டத்தை மனமுவந்து வரவேற்போம். கிடைக்காவிட்டால், எவ்வளவு பளபளத்தாலும் அது மார்கியின் கரிய பெட்டிதான்.

மார்கியின் தாயிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. மகள் தோற்றபோது வருந்தித் தலையசைத்தாள். ஆனால் அதோடு நின்றுவிடாமல் ஆளனுப்பினாள். நம் வீடுகளில் மதிப்பெண் இறங்கிய பிள்ளை, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தலையசைக்கு முன், யாருக்கு ஆளனுப்புவது என்று நாம் எண்ணிப் பார்ப்போம். ஆளனுப்ப ஒருவரும் இல்லை என்றால், அந்த ஆப்பிளை நாமேதான் எடுத்துச் செல்ல வேண்டும்.